ரியாஸ் சிரித்த படங்கள்

நான் ஒரு தாயிடம் பொய் சொன்னேன். அவர் மகனின் சிரிப்பை நானே அழித்துவிட்டு, அவன் சிரித்ததே இல்லை என்று சொன்னேன். உங்களிடம்தான் முதன்முதலாக இதைச் சொல்கிறேன்…

மயிலாப்பூரில் பையன்களுக்கு மல்யுத்தம் சொல்லித்தரும் கூடம் ஒன்றில், பல வருடங்களாகச் சாயங்காலங்களில் படம் எடுக்கிறேன். கூலி கிடையாது, ஆசைதான். வியர்வை வாடையும், மெத்தையில் உடம்பு விழும் சத்தமும்… அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

ரியாஸ் சேர்ந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தி. நகர் தையல்காரர் ஒருவரின் மகன். பயலுக்கு உடம்பெல்லாம் கூசும். விலாவில் எவன் கை பட்டாலும் கெக்கெக்கென்று சிரித்துப் பிடியை விட்டுவிடுவான். பிடித்தவனும் சிரிப்பான். இருவரும் கட்டிக்கொண்டு உருளுவார்கள். எவ்வளவு அழகு! படம் எடுப்பேன். வீட்டுக்குப் போய் அழித்துவிடுவேன்.

ஏன் அழித்தேன்? மல்யுத்தக்காரன் என்றால் முறைக்க வேண்டாமா, ஆண்பிள்ளை என்றால் பல்லைக் கடிக்க வேண்டாமா என்று நினைத்தேன். அதோடாவது விட்டேனா!

“டேய், குஸ்தி போடுறியா, கிச்சுகிச்சு வெளையாடுறியா?” என்று மெத்தை ஓரத்திலிருந்து குரல் கொடுப்பேன். மற்றப் பையன்கள் கேலியாகப் பார்ப்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

சில மாதங்களில் கற்றுக்கொண்டான். விலாவில் கை பட்டதும் பல்லைக் கடித்து முறைத்தான். அந்த முகத்தைப் பெரிதாக்கி ஒரு புகைப்படக் கண்காட்சியில் மாட்டினேன். நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் படம் எனக்கு இன்றும் பிடிக்கும்… வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிடிக்கும்.

சென்ற மாதம் ரியாஸ் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். அவன் அம்மா ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்.

“சின்னப் புள்ளைல அங்க வெளையாடறப்போ, சிரிச்சா மாதிரி ஒரு போட்டோ இருந்தா குடுங்கண்ணா. நீங்க குடுத்த எல்லாத்துலயும் யாரையோ அடிக்கப் போறா மாதிரியே நிக்கிறான்.”

அழித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“அவன் அங்க சிரிச்சதே இல்லம்மா” என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சேந்த புதுசுல, போவ மாட்டேன்னு ஒருநாள் அழுதாண்ணா. நான்தான், ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாம் அழுவலாமான்னு தள்ளி வுட்டேன். அத்தினி வருசமும் புடிக்காமதான் போய்க்கினு இருந்தானா?”

இல்லை அம்மா, ஆசையாகத்தான் வந்தான், கெடுத்தவன் நான்… இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போனார்.

நேற்றும் கூடத்துக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் தோற்றுவிட்டு, மல்லாந்து கிடந்து சிரித்தான். படம் எடுத்தேன். அழிக்கவில்லை. மனம் நிறைந்துதான் வீடு திரும்பினேன், அதை மறைப்பானேன்!

ரியாஸின் அம்மாவுக்கு மட்டும் இன்னும் போன் செய்யவில்லை. பிள்ளையைத் தானே வதைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.