வெள்ளறடை சுயம்பு அண்ணனும் பெயர் தெரியாத அந்த அம்மாவும்

வெள்ளறடையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப்பக்கம் கொஞ்சம் ஏறினால் சுயம்பு அண்ணனின் மாவு மில். அரிசி, மிளகாய், மல்லி எல்லாம் அரைப்பார். அந்த இரைச்சலில் நாற்பது வருஷம் நின்ற மனிதருக்குக் காது எப்போதோ அடைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் நாற்பத்து மூன்று பேரில் அவர் காதுதான் காது. இதை அவரேதான் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

நாற்பத்து மூன்று பேர் என்றது எங்கள் வாட்ஸ்அப் குழுவை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, ஆரியங்கோடு என்று இந்தப் பக்கத்துக் கர்நாடக சங்கீதப் பைத்தியங்கள் எல்லாம் அதில் உண்டு. முந்தைய நாள் கேட்டது எந்தக் கச்சேரி, எந்த ராகம் என்று காலையில் எழுத வேண்டும், பதிவையும் போட வேண்டும். பாங்க் மேனேஜர் இருக்கிறார், ரப்பர் வெட்டுகிறவர் இருக்கிறார். நான் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறவள், பெயர் லூயிசா. ஒரு காதில் காம்போதி, மறு காதில் சூப்பர்வைசரின் வசவு. என் பிழைப்பு அப்படி.

நான் ரசனை முற்றிப் போய் அந்தக் குழுவில் சேரவில்லை. எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. என் அப்பா பத்ரோஸ் கடலுக்குப் போகிறவர். கடலுக்குப் போகாத நாட்களில் நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு பாகவதரிடம் பாட்டுப் படித்தார். சர்ச் பெருநாளோ கோயில் திருவிழாவோ, யார் கூப்பிட்டாலும் பாடுவார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய போட்டோ ஒன்று வீட்டில் உண்டு, குரல் இல்லை. அம்மை என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை. “ஆருக்க கையிலயாவது அவருக்க பாட்டு இருக்கும் மக்கா. ஒரு தடவ கேட்டா மதி எனக்கு, அது போதும்” என்று மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2018இல் குழுவில் சேர்ந்த அன்றே, பூவார் பத்ரோஸ் பாடிய கேசட் யாரிடமாவது உண்டா, அம்மைக்கு ஒரு தடவை கேட்டால் மதி என்று எழுதினேன். முதல் பதில் சுயம்பு அண்ணனிடமிருந்துதான். எழுதுவதற்குச் சோம்பல், எல்லாம் பேச்சாகவே அனுப்புவார். “பத்ரோசா? அப்பிடி ஒரு ஆள நான் கேட்டதே இல்ல மக்கா. வெசனப்படாத. ஒண்ணு அனுப்புறேன், கேளு. இதுக்கு மேல பாட்டு உலகத்துல இல்ல.”

வந்தது ஒரு மோகனம். பெண் குரல், ஐந்து கட்டை சுருதி, தலைதெறிக்கிற வேகம். “நன்றி அண்ணா, குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கு” என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், ஒரு வாரத்துக்கு என்னோடு பேச்சு இல்லை.

அந்தக் கேசட்டின் கதையைக் குழுவில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1998இல் ஆரியங்கோட்டில் ஒரு மைக் செட் கடையை மூடியபோது, பழைய கேசட்டுகளை ஒரு சாக்கில் போட்டு வாங்கி வந்தார். அதில் ஒன்றின் மேல் ‘திருவிழா, மூன்றாம் நாள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாடியவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதது அண்ணனுக்கு வசதியாகப் போயிற்று. அந்த அம்மா தஞ்சாவூர்ப் பக்கம், புகழ் வேண்டாம் என்று ஒதுங்கியவர், இந்தச் சின்ன ஊர் அம்பலத்துக்கு நேர்ச்சைக் கடனாகப் பாட வந்தவர் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு அத்தியாயம் சேர்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் குழுவில் போடுவார். நடுவில் வரும் பேச்சு, இருமல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே வெட்டி எறிந்துவிட்டதாகப் பெருமை வேறு. அவர் மனைவி ஸ்ரீகுமாரி அக்கா ஒருமுறை அவர் போனைப் பிடுங்கி, “அந்த அம்மா நேரில வந்தா நான் பெட்டியத் தூக்கிட்டு எனக்க வீட்டுக்குப் போறேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க” என்று எங்களுக்கு அனுப்பினார்.

போன மாசம் அனகா என்ற பெண் குழுவில் சேர்ந்தாள். நெய்யாற்றின்கரைக்காரி, வயலின் படிக்கிறவள். வந்த முதல் வெள்ளிக்கிழமையே கேட்டாள். “அங்கிள், மிருதங்கம் ஏன் தகரம் தட்டுற மாதிரி இருக்கு? கைதட்டலும் பட்டாசு மாதிரி கேக்குது. டேப் வேகமா ஓடுது போல. பேட்டரி தீரப்போற செட்டுல பதிவு பண்ணினா டேப் மெதுவா ஓடியிருக்கும். அத நல்ல செட்டுல போட்டா பாட்டு ஓடும், குரலும் ஏறும். இது ஆம்பளக் குரலா இருக்கலாம்.”

சுயம்பு அண்ணன் குழுவை விட்டு வெளியேறினார். மூன்றாம் நாள் பாங்க் மேனேஜர் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பச் சேர்த்தார். நான் உள்ளுக்குள் சிரித்தேன், மறைப்பானேன். கிழவர் இருபத்தேழு வருஷமாக ஒரு மீசைக்காரனை அம்மா என்று கும்பிட்டிருக்கிறார் என்று கூட வேலை செய்யும் ஷீஜாவிடம் சொல்லி, இரண்டு பேரும் விரிப்பு மடித்துக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனாலும் அந்த மனிதர் மனிதர்தான். ரோஷம் தாங்காமல் கேசட்டை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறி, அதை அனகா கையில் கொடுத்தார். “ஆணா பொண்ணாண்ணு தெரிஞ்சிட்டுச் சாவணும். ஒண்ணும் வெட்டாத, முழுசாட்டு அனுப்பு.”

சனிக்கிழமை மத்தியானம் அது வந்தது. சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன். அதே மோகனம். ஆனால் நிதானமாக, அடிவயிற்றிலிருந்து, இரண்டு கட்டையில் ஒரு ஆண் குரல். எனக்கு முதலில் தோன்றியது, டெல்வின் எப்போது பாட ஆரம்பித்தான் என்பதுதான். டெல்வின் என் மகன், மஸ்கட்டில் இருக்கிறான். அவன் வாயைத் திறந்தால் இதே குரல்தான் வரும். அவனுக்குப் பாட்டு வராதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி அந்த ஆள் பேசினார்.

“ஏ லூயிசா, மேடைக்க ஓரத்துல கிடந்து உறங்காத பிள்ளே. விழுந்திருவ. அப்பனுக்க பக்கத்துல வந்து இரி.”

டப்பா கவிழ்ந்தது. ஷீஜா ஓடி வந்து, “என்ன அக்கா, மோனுக்கு வல்லதும் பற்றியோ?” என்று, என் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதாகப் பயந்து உலுக்கினாள். மேடையில் பாயை விரித்திருந்தார்கள் என்பதும், யாரோ இலையில் அவல் தந்தார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் உண்டு. எந்த ஊர் என்று தெரியாது. அப்போது எனக்கு எட்டு வயது, அப்பாவுக்கு முப்பத்து நான்கு. இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. என் மகன் வயதில் ஒருவர் என்னைப் பிள்ளே என்று கூப்பிடுகிறார், நான் துணிக்குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஏழு வருஷம் இது என் போனில் கிடந்தது. கீச்சென்று இருக்கிறது என்று நானே எழுதினேன். ஷீஜாவோடு சேர்ந்து சிரிக்கவும் சிரித்தேன். என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல் இருந்தது.

குழுவில் ஒரு வரி எழுதினேன்: “இது என் அப்பா. லூயிசா நான்தான்.”

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் சுயம்பு அண்ணன். ஏழு வருஷத்தில் நேரில் பார்ப்பது முதல் தடவை. போனில் அதட்டும் குரலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒல்லி உடம்பு. கேசட்டைக் கைக்குட்டையில் பொதிந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“எனக்க மோட்டார் ஒரு நூலு மெதுவா ஓடினா மாவு விழுற சத்தத்துலயே கண்டுபிடிப்பேன் மக்கா” என்றார். “இது எனக்குத் தெரியலியே. நீ கேட்ட அன்னைக்கே கொண்டு தந்துட்டு, இப்பிடி ஒரு ஆளே இல்லண்ணும் சொன்னேனே. உனக்க பேரு சொல்லி விளிச்ச இடத்த, ஏதோ பிள்ளைங்க கீச்சிடுதுண்ணு நானாக்கும் வெட்டினது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இல்லாத அந்த அம்மாவுக்காகவும் கொஞ்சம் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உள்ளே உட்கார வைத்துப் பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தேன். குடிக்காமல் வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“அம்மைய விளி. ஒரு தடவ கேட்டா மதிண்ணு சொன்னாளே. அவளுக்க காலப் பிடிச்சு நான் மாப்பு சொல்லணும்.”

“அம்மை போயி ஒரு வருஷம் ஆச்சு அண்ணா.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ இதக் கேக்காமலே போயிட்டாளா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அதுவே பெரிய தண்டனை. ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து நான் நினைத்துக்கொண்டே இருந்தது இது ஒன்றைத்தான். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

“கேட்டா அண்ணா. நீங்க அனுப்பின அன்னைக்கே கேட்டா. பின்ன வெள்ளிக்கிழம தோறும் கேட்டா, இந்தா, இந்தக் கசேரயில இருந்துதான்” என்று மூலையில் கிடந்த நாற்காலியைக் காட்டினேன்.

“என்ன சொன்னா?”

“ஆருக்க பிள்ளையோ, நல்லா பாடுது, ஆனா என்னத்துக்கு இப்பிடி ஓடுது, கொஞ்சம் நிண்ணு பாடச் சொல்லுண்ணு சொன்னா.”