கலங்கல் தேடி வெட்டிய வாய்

நெல் ஓலை கீறிய காலோடு கடலில் இறங்கினால் ஓர் எரிச்சல் எரியும்; வாப்பா வழியில் கடலும் உம்மா வழியில் வயலும் வாய்த்த கல்முனைப் பிள்ளையான எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த ஓலைக்குக் கூர் கொடுப்பது மணல்தான் என்று பின்னாளில் படித்தேன். மணலும் களிமண்ணும் துளித்துளியாய்த் தண்ணீரில் கரைந்து, 'சிலிக்கா'வாக நெல்லின் வேருக்குள் போகிறதாம். மிச்சம், கடலோரம் தேங்கி நிற்கும் களப்பில் சேர்ந்து, அதன் வாயை அடைத்திருக்கும் மணல்திட்டு மாரியில் உடையும்போது கடலுக்குப் போகிறதாம். அங்கே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதை எடுத்துக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ள, அந்தப் பாசிகளைத் தின்னச் சாளை மீனும் கீரி மீனும் கரைக்கு வரும். செத்த பாசியின் கூட்டில் பாதி கரைந்து நீரோட்டத்தோடு மேலே வரும், பாதி அடிச்சேற்றிலேயே தங்கிவிடும். அந்தக் குறையை ஆறுதான் நிரப்பவேண்டும். கரைவலை இழுத்த வாப்பாவின் கூட்டாளிகள் இவ்வளவையும் "கலங்கல் வந்தாத்தான் மீன்" என்று முடித்துவிடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருசம் மாரி பாதியில் நின்றுபோனது. களப்பு நிறையவில்லை, திட்டு உடையவில்லை. கடல் தெளிந்து கிடந்தது. வலையில் வழுவழுத்த சொறிமீனைத் தவிர ஒன்றுமில்லை. மரவள்ளிக் கிழங்கும் தீர்ந்து, உம்மாவுக்குப் பால் வற்றி, கைக்குழந்தையான தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். களப்போரத்தில் இருந்த உம்மாவின் சீதன வயல் மட்டும், வாய்க்கால் கசிவைக் குடித்து எப்படியோ கதிர் தள்ளத் தொடங்கியிருந்தது.

திட்டை வெட்டிக் கலங்கல் தண்ணீரைக் கடலுக்கு விடுவதென்று வாப்பாவும் கூட்டாளிகளும் முடிவெடுத்தார்கள். கதிர் முற்றும்வரை பொறுக்கச் சொல்லி உம்மா கெஞ்சினார். வாப்பா தம்பியைக் காட்டி, "இவன் பொறுப்பானா?" என்று மட்டும் கேட்டார்.

களப்பு நிறைந்த காலத்தில் ஒரு சாண் வாய் வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்திலேயே காலையில், கடல் வற்றியிருந்த நேரத்தில் வெட்டினார்கள். பழுப்புத் தண்ணீர் நீலத்தில் நாக்கு நீட்டியதைப் பார்த்து நாங்கள் கரையில் குதித்தோம். பகல் திரும்ப, கடல் பெருகியது. களப்போ அதைவிடத் தாழ்ந்து கிடந்தது. வெட்டிய வாயாலேயே உப்புத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மணல் மூட்டை போட்டார்கள், தென்னங்குற்றி போட்டார்கள், கடைசியில் வாப்பா வாயின் குறுக்கே தானே உட்கார்ந்து பார்த்தார். நிற்கவில்லை.

அந்த உப்பு வயலுக்கும் ஏறி, சில நாளில் கதிர் பாலேறாமல் வெளுத்துப் பதராய்ப் போனது. உம்மா ஏசவில்லை, அழவுமில்லை. "கடல்ல மீனுமில்ல, வயல்ல நெல்லுமில்ல. இனி நான் என்னத்த ஆக்கிற?" என்று வெறும் பானையைப் பார்த்துக் கேட்டார்.

பிறகு தம்பியை மையவாடியில் அடக்கினார்கள். அடுத்த மாரி நன்றாகப் பெய்து, திட்டு தானாக உடைந்து, கடல் கலங்கி, மீன் கரையில் மலைமலையாய்க் குவிந்தது. வாப்பா கொண்டுவந்த சாளையைக் கழுவ உட்கார்ந்த உம்மா, சட்டியில் கையை வைத்தபடி பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தார். யா அல்லாஹ், ஒரு வருசம் பிந்தி வந்த மீன்!

அந்த வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டிவிட்டார்கள். என் பேரப்பிள்ளைகளின் காலில் கீறலுமில்லை, அவர்களுக்கு எரிவதுமில்லை. கடல் தெளிந்து கிடக்கும் நாளில், என்ன அழகு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். நான் அந்த நீலத்தில் எங்காவது ஒரு பழுப்பு நாக்கு நீளுகிறதா என்று தேடுகிறேன்.