வேலிக்கு அந்தப் பக்கத்து வாழை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு வாழையிலை என்றால் என் வீட்டுக் கொல்லைதான். யார் வீட்டில் விசேஷம் வந்தாலும், "அக்கா, ரெண்டு இலை" என்று கதவைத் தட்டுவார்கள். நானும் கத்தியை எடுத்துக்கொண்டு, நாலு கதை பேசி, அறுத்துக் கொடுப்பேன். அந்தத் தட்டலுக்காகவே மரம் வளர்த்தேன் என்றும் சொல்லலாம். வேப்பம்பட்டில் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் என்கிற மிதப்பு வேறு.

எண்பதுகளின் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ஃபேக்டரி. அவர் மனைவி என்னைவிடச் சின்னவள். வந்த கையோடு நாலு வாழை வைத்தாள். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவில் கட்டில் போட்டுப் படுக்கலாம், அவ்வளவு இடம். அடுத்த வருஷம் தட்டலில் பாதி அவள் கதவுக்குப் போய்விட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. நடுவில் இருந்ததோ வெறும் கம்பி வேலி. காலையில் பல் தேய்க்கப் போனால் அவளுடைய இலைகள்தான் முதலில் கண்ணில் படும். அதனால் என் மரங்களில் காய்ந்து தொங்கிய சருகுகளை அறுக்காமல் விட்டேன். பக்கத்தில் முளைத்த கன்றுகளையும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் வேலி ஓரம் தட்டி கட்டினதுபோல அடைத்துக்கொண்டது. அவள் பார்க்கக் கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். நான் பார்க்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள் மழை விட்ட நேரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"யக்கா, ஒங்க இலையில மஞ்சக் கோடு விழுந்திருக்கு. பாத்தியளா?"

"மழைக்கு அப்படித்தான் இருக்கும். வெயில் வந்தா சரியாயிடும்."

"இல்லக்கா, புள்ளி நோவு. ஈரம் காயாம நின்னா பரவிரும். அந்தச் சருகையும் புள்ளி விழுந்த இலையையும் அறுத்து எரிச்சிருங்க. கன்னுல ஒண்ண விட்டு மத்தத எடுங்க, காத்து போவட்டும்."

உள்ளே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என் கொல்லை அடர்த்தியா கீறது அவளுக்குப் பொறுக்கலை. மொட்டை அடிக்கச் சொல்றா."

அவர் கள்ளிக்குப்பத்துக்காரர். ரேடியோவிலிருந்து காதை எடுக்காமலே, "ஆமா, உன் கொல்லைய நென்ச்சிகினு அவ சோறு துன்னாம கீறா பாரு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு வளைகாப்பு முடிவானது. தை மாதம், எங்கள் வீட்டில். "இலைக்குக் கவலை வேணாம், நம்ம மரத்து இலையிலதான் பந்தி" என்று சொந்தக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

கார்த்திகை முழுக்கத் தூறல். தொங்கும் சருகில் விழுந்த மழை சொட்டிச் சொட்டிக் கீழ் இலைகளுக்கும் கன்றுகளுக்கும் நோயைக் கொண்டுபோனது. மஞ்சள் கோடு பழுப்பாகி, நடுவில் சாம்பல் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரமெல்லாம் தீய்ந்தது. மார்கழிப் பனியில் வெயில் ஏறின பிறகும் என் கொல்லையில் ஈரம் காயாது. அவளுக்கும் அதே மழைதான், அதே பனிதான். அவள் இலைகள் மட்டும் பளபளவென்று நின்றன. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம்.

பந்திக்குப் போட ஒரு நல்ல இலை மிஞ்சாது என்று ஆனபின் கத்தியை எடுத்தேன். சருகு, புள்ளி இலை எல்லாவற்றையும் அறுத்துக் குவித்துக் கொளுத்தினேன். புகையைப் பார்த்து, கூப்பிடாமலே அவள் வந்தாள். கன்றுகளைத் தோண்டி எடுத்தாள். குளிக்கிற தண்ணீர் மரத்தடியில் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்டினாள். வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீரைக் கலந்து, மிஞ்சிய இலைகளின் அடிப்புறமும் நனையத் தெளித்தாள்.

"புதுக் குருத்து சுத்தமா வரும்க்கா. ஆனா தைக்குள்ள பந்திக்குக் காணாது" என்றாள்.

எனக்குத் தெரியாதா அது? அவள் வாயால் கேட்கத்தான் கசந்தது.

வளைகாப்பு அன்று காலை அவளே ஒரு கட்டு இலையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கிழிசல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. என்னோடு பரிமாறவும் நின்றாள். காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா இலையைத் தடவிப் பார்த்து, "இன்னாமா பச்சையா கீது! யார் ஊட்டு மரம்?" என்றார்.

நாத்தனார் கை நிறைய வளையலோடு, "எங்க அண்ணி வெச்சது" என்றாள் பெருமையாக.

சாம்பார் வாளியோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமாம்மா, யக்கா கைராசி அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

பந்தி முழுக்க என்னைத்தான் புகழ்ந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டே போனேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், "என் மரம்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டியிருப்பேன். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமைப்பட்டேன்.