ஈரத் தலையோடு வந்த ஆசிரியை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் மிச்சம் பகுதியில் நடந்த எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அந்த ஆசிரியை எப்போதும் ஈரத் தலையோடுதான் வருவார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. கவுன்சில் நீச்சல் குளத்தில் நீந்திவிட்டு, கூந்தலைக்கூட முடிந்துகொள்ளாமல் நேரே வகுப்புக்கு வந்துவிடுவார்.

ஒரு வாரம், அமெரிக்காவில் நீச்சல் குளங்களுக்குள் விடப்படாத கறுப்பின மக்கள் போராடி உள்ளே இறங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். பெற்றோர் எல்லோரும் மெச்சினோம். மறுவாரம் யாழ்ப்பாணத்துக் கோயில் கேணி ஒன்றைப் பலகையில் வரைந்து, அதில் எந்தச் சாதியை இறங்க விடவில்லை என்று சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

"டீச்சர், வெள்ளையன் செய்ததைச் சொல்லுங்கோ, நல்லது. எங்கட ஊர்க் குப்பையை ஏன் இஞ்சை கிளறுறியள்?" என்றார் ஒரு தகப்பன்.

"அண்ணை, அமெரிக்காவை நான் புத்தகத்தில படிச்சனான். கேணிப் படியில வைச்சுக் கல்லெறிஞ்சு கலைச்சது என்னை. எது எனக்கு வடிவாத் தெரியும்?"

"அப்ப எங்கட பிள்ளையள் வரமாட்டினம்."

"ஒரு பிள்ளை வந்தாலும் படிப்பிப்பன்."

அடுத்த சனி நாலு பிள்ளைகள்தான் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள். பலகையில் அதே கேணி, இன்னும் பெரிதாக. மூன்றாம் படியில் ஓர் உடைசலையும் வரைந்திருந்தார். அந்த உடைசலை என் கால் அறியும். யாரும் தடுக்காமல் நான் நீந்தப் பழகியது அங்கேதான்.

கதவடியில் நின்ற என்னை அவர் திரும்பிப் பார்த்தார். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ. எல்லாருக்கும் இடம் கிடக்கு."

என் கால் நகரவில்லை.