சீனி கரையும் சத்தம்

“வருசத்துக்கு ரெண்டு கேக் அடிக்க ஒரு மெஷினா? படிச்ச புள்ள செய்ற வேலையா இது? பாருங்க மதினி, மூணு மாசத்துல அது அலுமாரிக்கு மேல ஏறி ஒட்டடை புடிக்கும்.”

மாமி இதை உம்மாவிடம்தான் சொன்னார். ஆனால் கருவாடு காயவைத்த பாயைச் சுருட்டிக்கொண்டு நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். மாமி வாப்பாவின் தங்கை. அடுத்த வளவில் இருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு புதுப் பொருள் வந்தால் அதைப் பற்றி முதலில் கதைப்பவர் அவர்தான்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக நேவிக்காரர் ஆயிரம் கேள்வி கேட்ட காலம் போய், வாப்பாவின் படகு நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரத் தொடங்கிய வருடங்களில் நான் உயர்தரம் படித்தேன். வாப்பா பிடித்து வந்ததில் விற்றது போக மிஞ்சிய மீனை உம்மா வெட்டி, உப்பிட்டு, காயவைத்து விற்றார். என் பள்ளிக்கூடச் சப்பாத்தும் கொப்பியும் அந்தக் கருவாட்டில் வந்தவை. இன்று வீட்டுக்கு வரும் எந்தக் கடதாசியையும் நான்தான் வாசிக்கிறேன். நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த மீன் வெட்டு உம்மாவின் வலது தோளைத் தின்றுவிட்டது. கை தோளுக்கு மேலே எழும்பாது. கொஞ்ச நேரம் ஒரே வேலையைச் செய்தால் விரல்கள் மரத்துப்போகும்.

உம்மா வருடத்தில் இரண்டு தடவைதான் கேக் செய்வார், நோன்புப் பெருநாளைக்கும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கும். பட்டரையும் சீனியையும் பெரிய கோப்பையில் போட்டு மரக்கரண்டியால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட அடிப்பார். பெரிய அலுமினியச் சட்டியில் கடற்கரை மணலைப் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டுச் சுடுவார். பெருநாள் காலையில் அந்தக் கேக் வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள கத்தோலிக்க வீட்டுக்குப் போகும். நத்தாருக்கு அவர்களுடைய கேக் இந்தப் பக்கம் வரும். தட்டு ஒருபோதும் வெறுமையாய்த் திரும்பாது. ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும்.

மெஷின் வாங்குவதற்கு முந்திய பெருநாளில் உம்மாவால் அடிக்க முடியவில்லை. நான் அடித்துத் தருகிறேன் என்று தொடங்கிப் பாதியில் கை சோர்ந்து விட்டேன். கடைசியில் கடைக் கேக்கை வாங்கி, வெட்டி, தட்டில் அடுக்கி அனுப்பினோம். பின்னேரம் அந்த வீட்டு அன்ரி தட்டைக் கழுவி, சீனி போட்டு, வேலிக்கு மேலால் நீட்டினார்.

“தங்கச்சிக்குச் சுகமில்லையா?” என்று மட்டும் உம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

உம்மா சிரித்துச் சமாளித்தார். பிறகு குசினிக்குள் போய்த் தட்டை வைத்துவிட்டு, “இனிமே நம்ம பிளேட்ட அனுப்பத் தேவல்ல, மகள். கடைக் கேக் எண்டா அவங்களே வாங்குவாங்க தானே” என்றார். நான் பார்த்த நாளில் இருந்து வேலியைத் தாண்டிப் போய்வந்த தட்டு அது. அது நிற்கக்கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன். மாமிக்கு இந்தக் கதை தெரியாது.

எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்ததும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனேன். கையில் பிடித்துக் கேக் அடிக்கும் மெஷின், விலை குறைந்ததாக, ஆனால் வாங்கிய கையோடு எரிந்துபோகாததாக வேண்டும். கடைக்காரர் மூன்றை மேசையில் வைத்தார். நான் மூன்று பெட்டிகளையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். மிக மலிவானதற்கு உத்தரவாத அட்டை இல்லை. அதன் அடிக்கும் கம்பிகள் மெல்லிய பூச்சுப் பூசியவை. நம் கடற்காற்றில் ஒரு மாரி தாங்காது. பெரியதைக் கடைக்காரர் என் பக்கம் தள்ளினார்.

“இது ஐந்நூறு வாட், தங்கச்சி. மாவும் பிசையலாம், கல்லும் உடைக்கலாம்.”

“கல்லு உடைக்க நாங்க என்ன ரோட்டா போடுறம்?” என்றார் உம்மா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அப்ப கையில புடிச்சிப் பாருங்க, உம்மா.”

உம்மா பெரியதைத் தூக்கினார். உடனே கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது. நடுவில் இருந்தது இருநூறு வாட். ஐந்து வேகம், துருப்பிடிக்காத கம்பி, ஒரு வருட உத்தரவாதம். அதை மின்சாரத்தில் போடச் சொன்னேன். முதலாம் வேகம் உண்மையாகவே மெதுவாக இருக்கிறதா என்று பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே பாய்கிற மெஷின் மாவை முகத்தில் அடிக்கும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். உம்மா அதை ஒரு கோப்பைக்கு மேலே பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு, கடைக்காரர் வேறு ஒருவருக்குப் பில் எழுதி முடிக்கும் வரை நின்றார். கை இறங்கவில்லை.

“இது ஏலும்” என்றார். அதையே வாங்கினோம்.

நோன்பு மாதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, சின்னதாய் ஒரு கேக் போட்டுப் பார்ப்போம் என்றேன். எங்கள் ஊரில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாய் ஓடும், கரண்ட் இழுபடும். அதனால் நடுப்பகல் லுஹர் தொழுததும் தொடங்கினோம். பட்டர் உருகாமல் இருக்கக் கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன். மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் ஐந்து நிமிடம் என்று இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்துச் சரியாக ஐந்து நிமிடம் உம்மாவை அடிக்க வைத்தேன்.

“முடிஞ்சா? இவ்வளவுதானா?” என்று உம்மா சந்தேகமாய்க் கேட்டார்.

“ஓம் உம்மா. புத்தகத்துல அப்பிடித்தான் ஈக்கு.”

அவர் மெஷினை வைத்துவிட்டு முட்டையை எடுத்தார். நான் வாசித்துச் சொன்னேன் அல்லவா.

எல்லோரும் நோன்பு. யாரும் நுனி நாக்கில்கூட வைத்துப் பார்க்க முடியாது. மஃரிப் பாங்கு சொல்லி, கஞ்சி குடித்த பிறகுதான் கேக்கை வெட்டினோம். நடுவில் குழி விழுந்திருந்தது. மேல்தோலில் பழுப்புப் புள்ளிகள். மாமி ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

“மதினி, புத்தளத்து உப்பு மாதிரி நறநறங்குதே! பெருநாளைக்கு எனக்குப் பல்லு வேணும்.”

வாப்பாவும் சிரித்தார். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன்னுடைய துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பாத்திரம் கழுவும்போது அந்தச் சின்னப் புத்தகத்தைத் திரும்ப வாசித்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் மெஷினை ஆறவிட வேண்டும் என்றுதான் இருந்தது. மெஷினின் களைப்பைப் பற்றிச் சொன்னதைக் கேக்கின் கணக்காக எடுத்துக்கொண்டு விட்டேன். வெட்கமாக இருந்தது. உம்மாவிடம் போய், “நான்தான் பிழையா வாசிச்சன்” என்றேன். படித்தவள் என்று பெயர் எடுத்த பிறகு வீட்டில் நான் இந்தச் சொற்களைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அதுக்கென்ன மகள்” என்றார் உம்மா. “எனக்கும் அந்த நேரம் செல்ல வாய் வரல்ல. மெஷின் போட்ட சத்தத்துல எனக்குச் சீனி கேக்கல்ல.”

சீனி கேட்பதா? அப்போதுதான் எனக்கு விளங்கியது. உம்மா கேக் அடிப்பது எப்போதும் பெருநாளுக்கு முதல் நாள். நோன்புப் பெருநாள் என்றால் கடைசி நோன்பு, ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் அறபா நோன்பு. இத்தனை வருடத்தில் உம்மா தன் கேக் கலவையை ஒரு முறைகூட ருசி பார்த்ததில்லை. மரக்கரண்டி கோப்பையில் உரசும்போது சீனி எழுப்பும் சத்தத்தைக் கேட்டுத்தான் பதம் பார்த்திருக்கிறார். அவர் அடிப்பதைச் சின்னதில் இருந்து பார்த்திருக்கிறேன். தலையைச் சாய்த்துக்கொண்டு அடிப்பது தோள் வலியால் என்று நினைத்திருந்தேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று, பிறை தெரிந்தால் நாளைக்கே பெருநாள் என்பதால், லுஹருக்குப் பிறகு மறுபடி தொடங்கினோம். மாமியும் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் அடித்ததும் மெஷினை நிறுத்தி ஆறவிட்டோம். அந்த இடைவெளியில் உம்மா மரக்கரண்டியை எடுத்து, கோப்பையின் ஓரமாய் ஒரு சுற்று இழுத்தார். தலை சாய்ந்தது.

“இன்னும் கதைக்குது” என்றார்.

திரும்ப ஐந்து நிமிடம். திரும்ப மரக்கரண்டி. “குறைஞ்சிட்டு. ஆனா கதைக்குது.”

“யாரு, நானா?” என்றார் மாமி.

“நீங்களும்தான். கொஞ்சம் சும்மா இருங்க.”

மூன்றாவது தடவை மாமிகூட மூச்சு விடவில்லை. கரண்டி சுற்றி வந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “இப்ப வாய மூடிட்டு. முட்டைய உடை, மகள்.” கோப்பைக்குள் பட்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. உம்மாவின் விரல்கள் மரத்துப்போயிருக்கவில்லை. அதை நான் கேட்காமலே அவர் விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார்.

அன்று பிறை தெரிந்தது. காலையில் தொழுதுவிட்டு வந்ததும் பழைய தட்டில், பழைய பின்னல் துணியால் மூடி, கேக்கை நானே வேலிக்கு மேலால் கொடுத்தேன். எந்த மெஷின் என்றோ, யார் வாங்கியது என்றோ சொல்லவில்லை. உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். தட்டு திரும்பி வர அஸர் ஆகிவிட்டது. ஒரு பிடி சீனிக்குப் பதிலாக அதில் தட்டு நிறையக் கொத்துக் கொத்தாய் முந்திரிகைப் பழம் இருந்தது.

“தங்கச்சிட கை சுகமாயிட்டு என்ன?” என்று அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமாய்க் கேட்டார். “கடிச்ச உடனே தெரிஞ்சிட்டு.”

“ஓம் அக்கா, சுகம்!” என்று உம்மா வெளியே வந்தார்.

அந்த ‘சுகம்’ என்ற சொல்லுக்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன். பிழையாய் வாசித்த மகளை ஒரு சொல் குறை சொல்லாத உம்மாவுக்கும், கருவாட்டு வெயிலில் என்னைப் படிக்கவைத்த அந்தக் கைக்கும் நன்றி சொல்கிறேன். பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்த மாமிக்கும்தான். அவர் சிரித்திராவிட்டால் நான் அந்தப் புத்தகத்தை இரண்டாம் தடவை திறந்திருக்க மாட்டேன்.

மாமி சொன்னபடி மெஷின் அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. ஆனால் ஒட்டடை பிடிக்கவில்லை. நத்தார் நெருங்கியபோது, தன் மணிக்கட்டும் இப்போது முன்னைப் போல் இல்லை என்று அன்ரி பேச்சுவாக்கில் சொன்னார். போன சனிக்கிழமை மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் படலையைத் திறந்து அந்தப் பக்கம் போனேன். எனக்குப் பின்னால் மரக்கரண்டியோடு உம்மா வந்தார்.