மகளை அழைத்துவர மசூரிக்குப் போனோம்

புதன்கிழமை காலை, ஏழு உருப்படிகளோடு செங்கல்பட்டு ஸ்டேஷனில் நானும் என் மனைவி ரங்கநாயகியும் ரயிலுக்கு நின்றோம். வடக்கே போகிறவர்கள் காசிக்கோ கங்கைக்கோ போவார்கள். நாங்கள் எங்கள் ஒரே மகள் சரோஜாவை அழைத்துவரப் போனோம். அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய்வீடு செங்கல்பட்டு பஜாரில் என் இரும்புக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. மகள் இருப்பதோ இமயமலையில், ஆறாயிரத்தைந்நூறு அடி உயரத்தில், மசூரி என்ற ஊரில். மாப்பிள்ளை மதுராந்தகத்துப் பிள்ளை. அங்கே ஒரு சர்வே ஆபீசில் படம் வரைகிறார்.

ஏழாம் மாதமே போயிருக்க வேண்டும். அப்போது எனக்கு விஷக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்தபோது எட்டாம் மாதம் ஆகிவிட்டது. எங்களோடு இருக்கும் என் அக்கா, "எட்டுல புள்ளத்தாச்சிய எடம் மாத்துவாங்களாடா? ஒம்போது பொறக்கட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் அக்கா சொல்லுக்கு அப்பீல் கிடையாது. ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ரங்கநாயகியின் பயத்துக்கு வேறு காரணமும் உண்டு. சரோஜாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்காகச் சதுரங்கப்பட்டினத்திலிருந்த தன் தாய்வீட்டுக்கு அவள் மாட்டுவண்டியில் போனபோது, திருக்கழுக்குன்றம் தாண்டி வழியிலேயே பிறந்துவிட்டது. வண்டி ஊர் போய்ச் சேருமுன் போயும்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. செங்கல்பட்டில் ரயில் புறப்பட்டதும் என்னிடம், "டில்லி ரயிலு ரொம்ப ஆட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டணம் முப்பத்தைந்து மைல். எழும்பூரில் இறங்கி, ஜட்கா பிடித்து சென்ட்ரலுக்குப் போய், மாலையில் டில்லி வண்டி ஏறினோம். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மைல், இரண்டு ராத்திரி. ஜன்னலுக்கு வெளியே கிருஷ்ணையும் கோதாவரியும் போயின. நான் போகும்போதே திரும்பி வருவதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். இந்தப் பலகையில் அவள் படுக்க முடியுமா? கக்கூசு வாசல்வரை எத்தனை மூட்டையைத் தாண்ட வேண்டும்? சுள்ளென்று அடிக்கும் இந்த அனலில் தண்ணீருக்கு எங்கே இறங்குவது? எதிரே பெஜவாடாக்காரர் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க. போன வருஷம் இதே வண்டியில ஒரு அம்மாவுக்கு காஜிபேட்டையிலேயே பிரசவம் ஆச்சு. நான்தான் வேட்டியைக் கிழிச்சுக் கொடுத்தேன்" என்று தைரியம் சொன்னார். அதன் பிறகு ரங்கநாயகி டில்லிவரை சாப்பிடவில்லை.

டில்லியில் வண்டி மாறி, சனிக்கிழமை விடியலில் டேராடூன். மாப்பிள்ளை கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக நின்றார். சித்திரை மாதத்தில் கம்பளி போட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். அங்கிருந்து மசூரி இருபத்திரண்டு மைல், பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். முதல் சில மைல் சமதரை. இரண்டு பக்கமும் லிச்சி மரமும் பாஸ்மதி வயலும். வயலைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு பஸ் சுவரில் ஏறும் பல்லியைப்போல மலைமேல் ஏறத் தொடங்கியது. டிரைவர் ஒரு சர்தார்ஜி. வளைவுக்கு வளைவு பின்னால் திரும்பி யாருடனோ பேசினார். அவர் முகம் எங்கள் பக்கம் இருக்கும்போது பஸ்ஸின் முகம் பள்ளத்தின் பக்கம் இருந்தது.

"முன்னால பாத்து ஓட்டச் சொல்லுங்க மாப்ள."

மாப்பிள்ளை இந்தியில் கேட்டுச் சொன்னார்: "இருவது வருஷமா ஓட்டறாராம் மாமா. கண்ண மூடிக்கினே போவாராம்."

"அய்யோ, அத மட்டும் வேணாம்னு சொல்லுங்க!"

இத்தனை நேரம் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ரங்கநாயகி திடீரென்று கண்ணைத் திறந்தாள். "ஏங்க, மாப்ள மல ஏறிக்கினு வராரே! புள்ளத்தாச்சி புருஷன் மல ஏறலாமா?"

அதுவும் எங்கள் பக்கத்து விதிதான். மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் கடலில் குளிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. கடல் தொல்லை மாப்பிள்ளைக்கு இல்லை. மலைதான் அவருடைய ஊரே.

"ஆபீஸே மல மேலதான் கீது அத்தை. இன்னா பண்ண சொல்றீங்க?" என்றார் அவர்.

"வூட்டுலேர்ந்து ஆபீஸுக்கு ஏத்தமா எறக்கமா?"

"போவும்போது எறக்கம். வரும்போது ஏத்தம்."

ரங்கநாயகி ஒரு வளைவு முழுக்க யோசித்தாள். "அப்ப கொழந்த பொறக்கறவரிக்கும் ஆபீஸ்லயே படுத்துக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னாள். சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பஸ் ஊருக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஊருக்குள் நுழைய ஆளுக்கு ஒன்றரை ரூபாய் வரி கட்டினோம். மசூரியின் ஒரு கோடியில் உள்ள லாண்டூர் கடைத்தெருவுக்கு மேலே மாப்பிள்ளையின் வீடு. ரங்கநாயகியை டாண்டியில் ஏற்றினோம். டாண்டி என்பது நாலு பேர் தோளில் தூக்கும் நாற்காலி. "உசுரோட என்னத் தூக்கிக்கினு போறாங்களே!" என்று வழியெல்லாம் புலம்பினாள். வாசலில் சரோஜா நின்றாள். கன்னம் சிவந்து வயிறு பெருத்து, சால்வைக்குள் சிரித்தாள். கால் மட்டும் வீங்கியிருந்தது. அந்தக் காலைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

ஞாயிறன்று வளைகாப்பு. கண்ணாடி வளையல்களைச் செங்கல்பட்டிலிருந்து வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். போட்டுவிடச் சுமங்கலிகள் வேண்டுமே. மசூரியில் எங்கள் ஜனம் ஏது? கீழ்வீட்டில் லாகூரிலிருந்து வந்த பஞ்சாபி அம்மாள் ஒருத்தி இருந்தாள். மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிவந்துவிட்டாள். பால்கார மலைப்பெண்கூட வந்தாள். ஆளுக்கு இரண்டு வளையல் போட்டு, டோலக் தட்டிப் பாடி, புளிச்சாதம் தின்று, காரத்தில் கண்ணீர் விட்டார்கள். என் பெண்ணைச் சுற்றி இத்தனை பேரா என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் கலைந்ததும் ரங்கநாயகி, "வளையல் போட்டாச்சி. இனிமே இங்க வெச்சிருக்கக் கூடாது" என்றாள். வளையல் போட்டால் புறப்பட வேண்டும், அது முறை. வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு.

திங்களன்று மாப்பிள்ளை எனக்கு மட்டும் ஊர் காட்டினார். ஒட்டக முதுகுச் சாலை என்று ஒன்று, மலையை வளைத்து இரண்டு மைல் போகிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் வரிசையாகப் பனிமலைகள். பந்தர்பூஞ்ச் அது, கேதார் பக்கம் இது என்று கை நீட்டினார். படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதுவார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்: ரொம்ப வெள்ளையாக, ரொம்பத் தூரத்தில் இருந்தன. என் கண் அவற்றில் நிற்கவில்லை. தெற்கே திரும்பி, கீழே டேராடூன் பள்ளத்தாக்கில் நூல் நூலாகத் தெரிந்த பஸ் சாலையில் எத்தனை வளைவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் மேகம் வந்து மூடிவிட்டது.

செவ்வாயன்று எல்லோரும் சகஸ்ரதாராவுக்குப் போவதாகப் பேச்சு. பள்ளத்தாக்கில், டேராடூனுக்கு எட்டு மைலில், பாறையிலிருந்து ஆயிரம் தாரையாகக் கந்தக நீர் சொட்டும் இடம். சரோஜாவை வீட்டிலிருக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"ரெண்டு நாள் கழிச்சி நான் அந்த வழியாத்தானே நைனா எறங்கணும்? இன்னிக்கி எறங்கிப் பாத்துட்டா பயம் போயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. வாடகைக் காரில் அவளை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் புறப்பட்டோம். நாலு மைல் இறங்கியிருப்போம். ஒரு கொண்டைஊசி வளைவில் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல்கள் என் கையில் அழுந்தின.

"நைனா, வண்டிய நிறுத்தச் சொல்லு."

"இன்னாம்மா?"

"இடுப்ப புடிச்சி இழுக்குது."

காரை நிறுத்தினோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அவள் நெற்றியில் அந்தக் குளிரில் வேர்வை. மாப்பிள்ளை தண்ணீருக்கு ஓடினார். ரங்கநாயகி மட்டும் அழவில்லை, முருகனையும் கூப்பிடவில்லை. மகள் வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி, வலி வந்து போகிற வரை காத்திருந்தாள். பிறகு டிரைவரின் தோளைத் தட்டி, கையால் மேலே காட்டினாள். அவளுக்கு இந்தி தெரியாது. அந்த ஆளுக்கு நன்றாகப் புரிந்தது. நத்தை வேகத்தில் ஏற்றிக்கொண்டுபோய் லாண்டூர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான்.

அங்கே வயதான வெள்ளைக்கார லேடி டாக்டர். நல்ல காலம், நர்ஸ் கோட்டயத்துப் பெண், மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். அறைக்குள்ளிருந்து அவர்கள் வெளியே வருவதற்குள் எனக்குத் தெரிந்த தெய்வங்களுக்கெல்லாம் வேண்டிக்கொண்டுவிட்டேன்.

"பிரசவ வலி இல்லா. பேடிக்கண்டா, பயம் வேண்டா. குழந்தை சுகமா உண்டு" என்றாள் நர்ஸ். "பட்சே இனி மலை இறங்கக் கூடாது. ரயிலும் கூடாது. ஒரு மாசம் முன்னே வந்திருந்தால் கூட்டிப் போயிருக்கலாம், ஏன் வரலை என்னு டாக்டர் கேக்குது."

எட்டாம் மாதம் ஆகாது என்று அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலு நாள் ஓய்வெடுத்து, டாண்டியிலேயே டேராடூன்வரை தூக்கிப் போனால் என்ன என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். ஊரில் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதும் அதில் பாதி. அவர் பதில் சொல்லுமுன் ரங்கநாயகி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"என் புள்ள வண்டில பொறந்து வண்டிலயே போச்சி. அன்னிக்கும் அம்மா வூடு, அம்மா வூடுன்னுதான் ஓட்டிக்கினு போனீங்க எல்லாரும். இவள நான் எறக்க மாட்டேன். நீங்க போய்க் கடையப் பாருங்க. நான் இங்க கீறேன்."

வழக்கம் வழக்கம் என்று மூவாயிரம் காரியத்துக்குச் சண்டை போட்டவள் அவள்தான். சரோஜா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை நான் மட்டும் இறங்கினேன். பஸ் பக்கத்தில் ரங்கநாயகி தன் சுங்கடிச் சேலைமேல் பஞ்சாபி அம்மாள் கொடுத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். "சோறு வடிக்கும்போது கைய சுட்டுக்காதீங்க" என்றாள். டில்லியில் ஊருக்குத் தந்தி கொடுக்கலாமா என்று தபாலாபீஸ் வாசல்வரை போனேன். எங்கள் தெருவில் தந்தி வந்தால் பிரித்துப் படிக்குமுன் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். கடிதம் எழுதினால் நான் வருகிற அதே வண்டியில்தான் வரும். பேசாமல் ரயில் ஏறிவிட்டேன்.

திங்கள் பிற்பகல் செங்கல்பட்டு. வெயில் முகத்தில் அறைந்தது. எங்கள் கணக்குப்படி அன்றைக்கு முதல் நாளே வந்திருக்க வேண்டும். அக்கா இரண்டு நாளாக ஆரத்தித் தட்டோடு வண்டிக்கு வண்டி ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் ஒற்றை ஆளாக இறங்கியதைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். தட்டு கையிலிருந்து விழுந்து, ஆரத்தித் தண்ணீர் மேடையெல்லாம் சிவப்பாக ஓடியது.

"டேய், பொண்ணு எங்கடா? ரங்கம் எங்கடா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"நல்லா கீறாங்கக்கா! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!" என்று நான் கத்திய கத்தலில் இஞ்சின் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார். அவளை பெஞ்சில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். பயம் போனதும் கோபம் வந்தது.

"அதுக்காவ? மொதப் புள்ள புருஷன் வூட்டுலயா பொறக்கும்? தலமொற தலமொறயா இல்லாத வழக்கம்!"

"புருஷன் வூட்டுல இல்லக்கா. அம்மா கூடத்தான் கீறா. அம்மா கீற வூடுதானே அம்மா வூடு?"

அக்கா கீழே கிடந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். புகை ஆகாதென்று அடுப்பங்கரைக்கே வராதவள், நான் வடித்த சோற்றை ஐந்து வாரம் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். ஒவ்வொரு நாளும் தபால்காரர் கடை தாண்டிப் போகும்போது நான் தராசை விட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கடை வாசலில் நின்றார். கார்டில் மாப்பிள்ளையின் மணிமணியான எழுத்து: பெண் குழந்தை, ஏழு பவுண்டு, தாயும் சேயும் நலம். நான் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "கொழந்த எங்கக்கா பொறந்திச்சி?"

"எங்க பொறக்கும்? அம்மா வூட்டுலதான்."

"சரோஜா வந்ததையே பாக்கலியே?"

"இங்க இல்லடி" என்றாள் அக்கா, அவள் கையில் சர்க்கரையை வைத்து. "மல மேல எங்களுக்கு ஒரு வூடு கீது."