நல்லா உடுத்தினா வலி இருக்காதா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் மார்கழிக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். கணவருக்கு, இயந்திர அச்சுகளை நுணுக்கமாக அளந்து செய்கிற ஒரு டூல்ரூமில் வேலை. எனக்கு வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், அசெம்பிளி லைனில் நின்றுகொண்டே செய்கிற வேலை. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு முடக்குவாதம் வந்தது. விரல் மூட்டுகள், மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் கை மரக்கட்டை மாதிரி இருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் விரல் மடங்கும். பெங்களூரு அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறேன். குறையும், கூடும். விட்டுப் போகாது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். வெளியே கிளம்பினால் நன்றாக உடுத்திக்கொண்டுதான் கிளம்புவேன். அதற்காக நிறையச் செலவு செய்கிறவள் இல்லை. பண்டிகை முடிந்து துணிக்கடைகளில் கூட்டம் வடிந்த பிறகு போய், கட் பீஸாக மிருதுவான காட்டன் துணி பார்த்து எடுப்பேன். ஒரே பேண்டுக்கு மூன்று குர்தா பொருந்துகிற மாதிரி நிறம் சேர்ப்பேன். என் குர்தாக்களுக்குப் பட்டனும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. தலை வழியாகச் சுலபமாக நுழைகிற மாதிரி கழுத்தை அகலமாகத் தைக்கச் சொல்வேன். பேண்டில் நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். இஸ்திரிப் பெட்டியைத் தூக்க என்னால் முடியாது. அதனால் துணி முழுதாகக் காய்வதற்கு முன்பே மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவேன். காலையில் மடிப்புக் கலையாமல் இருக்கும். துப்பட்டாவுக்குச் சேஃப்டி பின் குத்துவது மட்டும் என் கணவர் வேலை. குத்திவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, "அளவு ஓகே, பாஸ்" என்பார். அவருக்கு எல்லாமே டூல்ரூம்தான்.

அந்த மார்கழியில் வலி ரொம்பவே அதிகமாகிவிட்டது. எங்கள் கம்பெனியில், முடிந்த பாகங்களை மேஜையில் வைத்துச் சோதிக்கிற இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை உண்டு. அங்கே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்குக் கம்பெனிக்கு வாரம் ஒரு நாள் வருகிற டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா உங்களப் பாத்தா அவ்ளோ கஷ்டப்படற மாதிரி தெரியலையேம்மா. நீட்டா டிரஸ் பண்ணிட்டு ஃப்ரெஷ்ஷா வர்றீங்க. எல்லாருக்கும் சேர் குடுத்தா லைன்ல யாரு நிப்பாங்க?"

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்லிவிட்டார். லைனுக்குத் திரும்பி வந்தேன். பக்கத்தில் நிற்கும் தோழி, தர்மபுரிக்காரி, விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்குப் போறாப்புல போனா எந்த டாக்டருதான்க்கா நம்புவாரு? அடுத்த வாட்டி தலையக்கூட வாராதீங்க. பழைய துணி ஒண்ண மாட்டிக்கிட்டு, லேசா நொண்டிக்கிட்டே உள்ள போங்க. அப்பதான் வேலைக்காவும்."

அவள் என் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. இனியும் நின்றால் வேலையையே விட வேண்டி வரும். என் சம்பளம் போனால் என் மாத்திரைக்கும் வழி இருக்காது.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் வந்தது. வீடு கழுவும்போது போடுகிற, சாயம் போன சுடிதாரை எடுத்து மாட்டினேன். தலையை ரப்பர் பேண்டில் அள்ளிப் போட்டேன். பொட்டு வைக்கவில்லை. கணவர் வழக்கம்போல் சேஃப்டி பின்னோடு வந்தார். "இன்னிக்கு வேண்டாங்க" என்றேன். பின்னைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில்தான் ஒரு கார்மென்ட் கம்பெனியின் வேனும் வரும். அதற்காக நிற்கிற பெண்களில் ஒருத்தியோடு தினமும் சிரிப்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வயதுதான் இருக்கும். அன்று என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல ஏதானா கெட்ட சேதியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறாள். அப்படி எதுவும் இல்லை என்றேன். அவள் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்ததும் மறைக்கத் தோன்றவில்லை. வலி, டாக்டர் சொன்னது, தோழி சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஊர் கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். தமிழைக் கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் பேசினாள்.

"உங்களுக்குக் கை வலின்னு எங்களுக்குத் தெரியும்க்கா. பஸ் ஏறும்போது கம்பிய வெரல்ல புடிக்க மாட்டீங்க. மொழங்கைய மாட்டித்தான் ஏறுவீங்க. தினம் பாக்குறோமில்ல? இவ்ளோ வலியில எப்படி இவ்ளோ சந்தாகி வர்றாங்கன்னு வேன்ல பேசிக்குவோம். இன்னிக்கு அக்கா என்ன கலருன்னு பந்தயம்கூட கட்டுவோம்."

'சந்தாகி' என்றால் கன்னடத்தில் அழகாக என்று அர்த்தம். ஓசூருக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதான். அன்று அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து அவள் பதறி, தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அதற்குள் வேன் வந்துவிட்டது. "உஷாரா போங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போனாள்.

பெயர்கூடத் தெரியாத ஒருத்தி என் வலியையும் பார்த்திருக்கிறாள், என் உடையையும் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான்தான் ஒன்றைக் காட்ட இன்னொன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

கம்பெனி பஸ் வந்தது. நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். கடுகு மஞ்சள் குர்தாவை எடுத்துப் போட்டேன். வலியில் தலை வாரவே வெகுநேரம் ஆனது. பின் குத்த ஆளில்லாததால் துப்பட்டாவை இடுப்புப் பக்கம் ஒரு தளர்ந்த முடிச்சாகப் போட்டுக்கொண்டேன். ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி போய்ச் சேர்ந்தபோது அரை நாள் சம்பளம் போயிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கும் நல்லாத்தானேம்மா வந்திருக்கீங்க" என்றார். பக்கத்தில் எச்.ஆர். மேடமும் இருந்தார்.

டாக்டருடைய வெள்ளைக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. "சார், அந்தக் கோட்ட ஒரு நிமிஷம் தர்றீங்களா?" என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். அதை மேஜையில் விரித்து, முதல் பட்டனைப் போட ஆரம்பித்தேன்.

பட்டன் விரலுக்குள் நிற்கவில்லை. நழுவிக்கொண்டே இருந்தது. துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கட்டைவிரல் அழுத்த மறுத்தது. அந்தக் குளிரிலும் எனக்கு நெற்றி வியர்த்தது.

"போதும்மா, விடுங்க" என்றார் டாக்டர்.

"இருங்க சார். ஒண்ணையாவது போட்டுக் காட்டிருதேன்" என்றேன். கோபத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. கடைசியில் போட்டேன். பிறகு சொன்னேன்: "நான் போட்டிருக்க துணில பட்டனும் இல்ல, ஜிப்பும் இல்ல, நாடாவும் இல்ல சார். எல்லாம் யோசிச்சு யோசிச்சுத் தச்சது. வலி இல்லாததுனால நல்லா உடுத்தல. இத்தன வலியிலயும் மனுஷியா வெளிய வரணும்னுதான் உடுத்துதேன்."

டாக்டர் எழுந்து என் பக்கம் வந்தார். முதல் தடவையாக என் கையைப் பிடித்து, ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். "இதை நான் அன்னிக்கே பாத்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினார்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. சில வாரங்கள் இழுத்தடித்துத்தான் சோதிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். அங்கேயும் வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உட்காரலாம், நடுவில் விரலை நீட்டி மடக்கிக்கொள்ளலாம். என் தர்மபுரித் தோழி, "நீங்க செஞ்சதுதான்க்கா சரி" என்று இரண்டு கன்னத்தையும் கிள்ளினாள். தளிப் பெண்ணிடம், டாக்டர் எழுதிக் கொடுத்த மறுநாளே நடந்ததைச் சொல்லியிருந்தேன். ரோடு என்றும் பார்க்காமல் குதித்தாள். பிறகு அவர்கள் வேன் வேறு வழியில் போக ஆரம்பித்துவிட்டது. அவளை மறுபடி பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வருகிற யாரைப் பார்த்தாலும் 'இவருக்கு என்ன குறை' என்று சட்டென்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் காலைப்பொழுது அவருக்கு எப்படி விடிந்ததோ என்றுதான் தோன்றுகிறது.